மின்சார பந்தய பைக்: ஒரு சீசனில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

ஒரு சிறிய குழு, தானே வடிவமைத்த மின்சார மோட்டார் சைக்கிளைக் கொண்டு ஒரு சீசனின் எல்லாப் பந்தயங்களிலும் போட்டியிடத் திட்டமிட்டிருக்கிறது. கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் அதிகத் திறனுள்ள மோட்டாருக்குச் செலவிடுவதா, பெரிய பேட்டரிக்குச் செலவிடுவதா, இல்லை வேறு எதற்காவது ஒதுக்குவதா என்பதே கேட்கப்பட்ட கேள்வி. என் பதில் இரண்டுக்கும் இல்லை என்பதுதான். முதல் சீசனில் மோட்டாரையும் பேட்டரியின் அளவையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, பைக்குக்குள் வெப்பம் எங்கே உண்டாகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு மின்னாற்றல் செலவாகிறது என்ற இரண்டையும் அளப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும் முழுக் கவனத்தைச் செலுத்துங்கள். இரண்டாவது சுற்றில் எடுத்த நேரத்துக்கும் கடைசிச் சுற்றில் எடுத்த நேரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் மின்சார பைக்கின் உண்மையான மதிப்பெண். அந்த வித்தியாசத்தைக் குறைக்கும் அணி, காகிதத்தில் தன்னைவிட அதிகக் கிலோவாட் வைத்திருக்கும் அணியைப் பெரும்பாலும் முந்திவிடும்.

இந்தத் துறை எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தைவிட நல்ல சான்று இல்லை. சுமார் 60.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மின்சார பைக்குகளுக்கு ஒரே ஒரு சுற்றுதான் பந்தயமாக இருந்தது. 2009-இல் நடந்த முதல் போட்டியில் அக்னி அணியின் பைக்கில் ராப் பார்பர் மணிக்குச் சராசரியாக 87.434 மைல், அதாவது சுமார் 141 கிலோமீட்டர் வேகத்தில் வென்றார். 2010-இல் மோட்டோசிஸ் பைக்கில் மார்க் மில்லர் 96.82 மைலை எட்டினார். 2011-இல் அதே நிறுவனத்தின் பைக்கில் மைக்கேல் ரட்டர் 99.604 மைலில் முடித்து நூறைத் தொடாமல் நின்றார். அடுத்த ஆண்டு அவரே 104.056 மைலில் அதைக் கடந்தார். 2014-இல் முகேன் நிறுவனத்தின் பைக்கில் ஜான் மெக்கின்னஸ் 117.366 மைலும், 2019-இல் அதே நிறுவனத்துக்காக ரட்டர் 121.909 மைலும் எட்டினார்கள். பத்தே ஆண்டுகளில் மணிக்கு 141 கிலோமீட்டரிலிருந்து 196 கிலோமீட்டர். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். அங்கே ஆண்டுக்கு ஒரு பந்தயம், ஒரே சுற்று; ஆகவே ஒவ்வொரு அணிக்கும் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஏறத்தாழ ஓராண்டு கிடைத்தது. சீசன் முழுவதும் ஓடும் அணிக்கு இரண்டு பந்தயங்களுக்கு நடுவே சில வாரங்களே கிடைக்கும். அந்தச் சில வாரங்களில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாத குழு சீசனின் நடுவில் திணறும்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். உதாரணத்துக்கு ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்வோம்: 28 செல் வரிசைகள் தொடராக இணைக்கப்பட்டது, கொள்ளளவு 60 ஆம்பியர் மணி, முழு சார்ஜில் 117.6 வோல்ட், பெயரளவில் சுமார் 100 வோல்ட், ஆக மொத்தம் ஏறத்தாழ 6 கிலோவாட் மணி. செல்களின் எடை 32 கிலோ என்றும், இணைப்புகளையும் சேர்த்து மொத்த உள்மின்தடை 25 மில்லி ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் இழுக்கும்போது இதற்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 560 வாட். 300 ஆம்பியர் இழுத்தால் அது இரு மடங்காகாது, நான்கு மடங்காகி 2,250 வாட்டை எட்டும். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் கூடுகிறது என்ற இந்த ஒரே விதிதான் மின்சார பைக் பந்தயத்தின் பாதி உத்தியைத் தீர்மானிக்கிறது. ஒரே அளவு ஆற்றலைச் செலவழித்தாலும், அதைச் சீராக இழுக்கும் வீரரின் பேட்டரி குளிர்ந்திருக்கும். உச்சத்துக்கும் பூச்சியத்துக்கும் இடையே கையை முறுக்கி முறுக்கி விடும் வீரரின் பேட்டரி கொதிக்கும்.

இருபது நிமிடப் பந்தயம் ஒன்றில், வெப்பக் கணக்குக்கு ஏற்ற இருமடிச் சராசரி மின்னோட்டம் 180 ஆம்பியர் என்றால், சராசரி வெப்பம் 810 வாட். இருபது நிமிடங்களில் அது ஏறத்தாழ 970 கிலோஜூல். லித்தியம் அயனி செல்லின் தன்வெப்பம், அதாவது அதை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல், கிலோவுக்கு 950 ஜூல் அளவில் இருப்பதால், 32 கிலோ செல்களின் வெப்பநிலை சுமார் 32 டிகிரி செல்சியஸ் உயரும். வெளியிலிருந்து வரும் காற்று இந்தக் குறுகிய நேரத்தில் மிகச் சிறிதளவே உதவும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் செல்களின் எடைதான் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. எனவே பந்தயம் தொடங்கும்போது செல்கள் எத்தனை டிகிரியில் இருக்கின்றன என்பது, பைக்கின் குளிரூட்டும் விசிறியைவிட முக்கியமானது. 25 டிகிரியில் தொடங்கினால் 57-இல் முடியும். வெயிலில் நிறுத்தி, அவசரமாக சார்ஜ் ஏற்றி, 38 டிகிரியில் தொடங்கினால் 70-ஐத் தொடும். பல செல்களுக்குத் தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கும் மேல் எல்லை 60 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சாதனமான பேட்டரி மேலாண்மை அமைப்பு அங்கே திறனைக் குறைக்கத் தொடங்கிவிடும், பந்தயத்தின் கடைசி மூன்று சுற்றுகள் போய்விடும்.

அதற்காகச் செல்களை ஐஸ் வைத்துக் குளிரவைத்துவிட்டு ஓட்டுவதும் சரியல்ல. குளிர்ந்த செல்லின் உள்மின்தடை அதிகம்; முதல் சுற்றில் மின்னழுத்தம் ஆழமாகச் சரியும், வெப்பமும் கூடுதலாக உண்டாகும். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு நல்ல தொடக்க வெப்பநிலை உண்டு. அதைத் தயாரிப்பாளரின் தாளிலிருந்து ஊகிக்காமல், சோதனை ஓட்டங்களில் வெவ்வேறு தொடக்க வெப்பநிலைகளில் ஓட்டி நீங்களே கண்டுபிடியுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. நிழல், விசிறி, வெப்பமானி, சார்ஜ் ஏற்றும் நேரத்தைப் பற்றிய ஒழுங்கு ஆகியவை போதும். ஒரு சீசனில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது இணைப்புகள். கைக்கு அடக்கமான ஒரு செம்புப் பட்டை, அதன் இரு முனைகளிலும் இரண்டு போல்ட்டுகள். அதன் தொடுபரப்பில் லேசாகக் கறை படிந்தாலோ, அதிர்வில் போல்ட் ஒரு கால் திருப்பு தளர்ந்தாலோ, அங்கே ஒரு மில்லி ஓம் கூடிவிடும். 300 ஆம்பியரில் அந்த ஒரு மில்லி ஓம் 90 வாட் வெப்பத்தை ஒரு நாணய அளவு பரப்பில் கொட்டுகிறது. அது பக்கத்திலிருக்கும் செல்லைச் சூடாக்கும். அந்த ஒரு செல் வரிசையின் மின்னழுத்தம் மற்றவற்றைவிட முன்னதாகக் கீழ் எல்லையைத் தொடும். மேலாண்மை அமைப்பு முழு பைக்கையும் நிறுத்தும். பேட்டரியில் இன்னும் கால்வாசி ஆற்றல் இருக்கும்போதே பைக் பாதையோரம் நிற்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதலிடம். ஒவ்வொரு போல்ட்டையும் அளவுக் குறடு (டார்க் ரெஞ்ச்) கொண்டு இறுக்கிய பின், போல்ட்டின் தலையிலிருந்து பட்டையின் மேல் வரை வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஓட்டம் முடிந்து வந்தவுடன், உரிய பாதுகாப்போடு மூடியைத் திறந்து வெப்பப்படக் கேமராவால் ஒரு படம் எடுத்துவைத்தால், எந்த இணைப்பு மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மின்னழுத்தச் சரிவு இன்னொரு விதத்திலும் கடைசிச் சுற்றைப் பாதிக்கிறது. மேலே சொன்ன பேட்டரி, முழு சார்ஜில் 300 ஆம்பியர் கொடுக்கும்போது முனைகளில் 110 வோல்ட் இருக்கும். பந்தயத்தின் முடிவில் ஒவ்வொரு செல்லும் ஓய்வு நிலையில் 3.4 வோல்ட்டுக்கு வந்திருந்தால், அதே மின்னோட்டத்தில் முனைகளில் கிடைப்பது 88 வோல்ட்டுக்கும் குறைவு. நிலைக்காந்த மோட்டார் தன் முழு முறுக்குவிசையைத் தக்கவைக்கும் உச்சச் சுழற்சி வேகம், கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், அந்த வேகமும் 20 விழுக்காடு குறைந்துவிடும். முதல் சுற்றில் நேர்ப்பாதையின் கடைசி வரை இழுத்த பைக், கடைசிச் சுற்றில் நேர்ப்பாதையின் நடுவிலேயே மூச்சடங்கிப் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஸ்பிராக்கெட்டின் (சங்கிலி ஓடும் பல்சக்கரத்தின்) பல் எண்ணிக்கையை முதல் சுற்றின் உச்ச வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பந்தயத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில் இருக்கும் மின்னழுத்தத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கியர் மாற்றமே இல்லாத வண்டியில் இந்த ஒரு விகிதம்தான் எல்லா வளைவுகளுக்கும் எல்லா நேர்ப்பாதைகளுக்கும் பொது. பின் ஸ்பிராக்கெட்டில் ஓரிரு பற்கள் வித்தியாசமுள்ள நான்கைந்து வட்டுகளை வைத்துக்கொள்வது, ஒரு புதிய மோட்டாரைவிட அதிகப் பலன் தரும்.

ஆற்றல் எங்கே போகிறது என்பதற்கு விடை, பெரும்பாலான பாதைகளில், காற்று. குனிந்து படுத்த நிலையில் வீரரும் பைக்கும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் இழுவைப் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 180 கிலோமீட்டரில் காற்றை மட்டும் வெல்ல 22.5 கிலோவாட் வேண்டும். 198 கிலோமீட்டருக்கு அது 30 கிலோவாட். பத்து விழுக்காடு வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன்! இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல வழி தெரிகிறது. நேர்ப்பாதையின் முடிவில் 180 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வீரர், பிரேக் பிடிக்கும் புள்ளிக்கு ஒரு நொடி முன்னதாகவே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், 250 கிலோ மொத்த எடைக்கு அந்த நொடியில் அவர் இழக்கும் தூரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மிச்சமாகும் ஆற்றல் சுமார் 7 வாட் மணி. ஒரு சுற்றில் மூன்று இடங்கள், பத்துச் சுற்றுகள் என்றால் 200 வாட் மணிக்கு மேல் கையில் நிற்கும். 4.8 கிலோவாட் மணி செலவாகும் பந்தயத்தில் அது நான்கு விழுக்காடு; அந்த ஆற்றலை மெதுவான வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் செலவிட்டால், இழந்த நேரத்தைவிடப் பல மடங்கு திரும்பக் கிடைக்கும். இந்தக் கணக்கை எண்களோடு வீரருக்குக் காட்டுங்கள். சேமித்து ஓட்டுங்கள் என்று வெறுமனே சொன்னால் எந்தப் பந்தய வீரரின் மனமும் ஒப்பாது. எந்த இடத்தில் விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டினால் அவரே அதைக் கூர்மையாக்குவார். வீரரின் முழங்கையும் முழங்காலும் பைக்கின் காற்று உறைக்குள் அடங்குகின்றனவா, தலைக்கவசம் கண்ணாடிக்குப் பின்னால் மறைகிறதா என்பதும் இதே கணக்கைச் சேர்ந்ததுதான். இருக்கையின் உயரத்தை மாற்றுவதும் கைப்பிடியைச் சற்று உள்ளே சாய்ப்பதும் பேட்டரியில் செல்களைச் சேர்ப்பதற்குச் சமம். எடை மட்டும் அதிகரிக்காது.

மோட்டார், இன்வெர்ட்டர் (பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கருவி) பக்கம் வந்தால், செம்புச் சுருளின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. நூறு டிகிரி உயர்ந்தால் அதே முறுக்குவிசைக்கு நாற்பது விழுக்காடு அதிக வெப்பம். நியோடிமியம் காந்தத்தின் பலமும் சூட்டில் டிகிரிக்கு 0.1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவதால், அதே முறுக்குவிசையைப் பெற இன்னும் அதிக மின்னோட்டம் தேவைப்படும். சூடு சூட்டைப் பெருக்கும் இந்தச் சுழல், ஓர் எல்லைக்கு மேல் மிக விரைவாக நடக்கும். இங்கே பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு: மோட்டாரின் சுழலும் பகுதியான சுழலியின் கோணத்தை அளக்கும் உணரியின் தொடக்கப் புள்ளி. அது சில டிகிரி பிசகியிருந்தாலும் பைக் ஓடும், நன்றாகவே ஓடுவது போலத் தெரியும். ஆனால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி முறுக்குவிசையாக மாறாமல் வெறும் வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கும். மோட்டாரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியை மறுபடி சரிபார்ப்பதை எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்ப எல்லையை நெருங்கும்போது திறனைக் குறைக்கும் ஏற்பாடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது வீரரின் உயிரோடு தொடர்புடைய விஷயம். வளைவின் நடுவில், பைக் முழுச் சாய்வில் இருக்கும்போது, முறுக்குவிசை திடீரென்று அறுந்தால் பின் சக்கரத்தின் பிடி மாறிவிடும். குறைப்பு எப்போதும் மெதுவாக, பத்துப் பதினைந்து டிகிரி இடைவெளியில் படிப்படியாக நடக்க வேண்டும். அது தொடங்கிவிட்டது என்பது வீரரின் கண்முன் ஒரு விளக்காகத் தெரிய வேண்டும். ஆக்சிலரேட்டர் முறுக்கலுக்கும் முறுக்குவிசைக்கும் உள்ள உறவை வரையறுக்கும் அட்டவணையும் அப்படித்தான். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைக் கொடுக்கக்கூடியது. முதல் கால்வாசி முறுக்கலில் மென்மையாக ஏறும் அட்டவணை, வீரருக்கு வளைவிலிருந்து முன்னதாகவே முறுக்கத் துணிவு தரும். இதில் செலவழிக்கும் ஒரு நாள் சோதனை, சுற்று நேரத்தில் நேரடியாகத் தெரியும். மின்சார பைக்கில் என்ஜின் ஓசை இல்லாததால், பின் டயர் வழுக்கத் தொடங்கும் சத்தத்தையே வீரரால் கேட்க முடிகிறது. பழகிய பின் பலர் அதை ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஆற்றலைத் திரும்பப் பெறுவது பற்றி எதிர்பார்ப்பு மிகுதியாக இருக்கும். 250 கிலோ எடை மணிக்கு 180 கிலோமீட்டரில் செல்லும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 87 வாட் மணி. அதை 72 கிலோமீட்டருக்குக் குறைக்கும்போது 73 வாட் மணி வெளியேறுகிறது. ஆனால் கடுமையாகப் பிரேக் பிடிக்கும் மோட்டார் சைக்கிளில் எடை முழுவதும் முன்னால் சாய்ந்து, பின் சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மோட்டாரோ பின் சக்கரத்தில்தான் இணைந்திருக்கிறது. ஆகவே அந்த 73-இல் சிறு பங்கே திரும்பக் கிடைக்கும். பந்தயத்தில் மீள்பிரேக்கின் முதல் பயன் ஆற்றல் சேமிப்பு அல்ல, பின் சக்கரத்தை வளைவுக்குள் நிலைப்படுத்தும் உணர்வுதான். இதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியால் மின்சாரத்தை அதிக அளவில் திரும்ப வாங்க இயலாது என்பதால், முதல் ஓரிரு சுற்றுகளில் மேலாண்மை அமைப்பு மீள்பிரேக்கைத் தடுக்கும், பிறகு அனுமதிக்கும். வீரரின் கையில் பைக் திடீரென்று வேறு பைக்காகிவிடும். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்குப் பதிலாக 4.1 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு தொடங்குவது, அல்லது முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஒரே அளவு குறைந்த மீள்பிரேக்கை வைத்துக்கொள்வது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். இருக்கும் கொள்ளளவை இழக்காமல், வீரருக்கு மாறாத உணர்வைத் தருகிறது.

எடை பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை; எல்லாருக்கும் தெரிந்ததே. உலக அளவில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு, 2023 முதல் மோட்டோ-ஈ என்ற உலக மின்சார பைக் தொடரின் போட்டிகளில் ஓடிய டுகாட்டி வி21எல் பைக்கைப் பார்க்கலாம். மொத்த எடை 225 கிலோ. அதில் பேட்டரி மட்டும் 110 கிலோ. 21700 என்ற அளவுப் பெயருள்ள உருளைச் செல்கள் 1,152 கொண்டு 18 கிலோவாட் மணி, 110 கிலோவாட் உச்சத் திறன், 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பேட்டரிப் பெட்டியே வண்டியின் சட்டத்தில் சுமை தாங்கும் பகுதியாக இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதன் திரவக் குளிரூட்டல் பேட்டரிக்குத் தனியாகவும் மோட்டார்–இன்வெர்ட்டருக்குத் தனியாகவும் பிரிக்கப்பட்டிருப்பது. மோட்டார் எண்பது டிகிரியில் வசதியாக இயங்கும். செல்கள் அந்தச் சூட்டில் அழியும். இரண்டையும் ஒரே தண்ணீரில் குளிரவைப்பது, செல்களை மோட்டாரின் சூட்டில் வேகவைப்பது போன்றது. ஓட்டம் முடிந்தவுடன், ஆறும்வரை காத்திராமல் சார்ஜ் ஏற்றத் தொடங்க முடிவதும் அந்தப் பிரிவினால் கிடைத்த பலனே. சிறிய அணி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாடத்தைத்தான், எண்களை அல்ல.

இனி சீசனை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். முதல் பந்தயத்துக்கு முன் உள்ள மாதங்களில், பைக் முழுமையாக இல்லாவிட்டாலும், மின் பகுதி முழுவதையும் மேசையில் இணைத்து இயக்கத் தொடங்கிவிடுங்கள். பேட்டரி, கான்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), முன்சார்ஜ் மின்தடை (இணைக்கும் நொடியில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது), இன்வெர்ட்டர், மோட்டார், காட்சித் திரை எல்லாம் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பது வண்டிக்குள் ஏற்றும் முன்பே தெரிந்துவிட வேண்டும். முதல் ஆண்டு அணிகளின் சோதனை நாட்களைத் தின்பது சட்டமோ சஸ்பென்ஷனோ அல்ல, தகவல் கம்பிகளில் நுழையும் மின்னிரைச்சலும் தளர்ந்த இணைப்பிகளும்தான். முதல் பந்தயத்தின் குறிக்கோள் எல்லா அமர்வுகளையும் முடிப்பது மட்டுமே. திறனை எண்பது விழுக்காட்டுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு ஓடினாலும் பரவாயில்லை; முழுப் பந்தயத்தின் தரவு ஒன்று கையில் இருப்பது, அரைப் பந்தயத்தின் வேகமான சுற்று ஒன்றைவிட மேலானது. மொத்த மின்னழுத்தம், மின்னோட்டம், மிகக் குறைந்த செல் மின்னழுத்தம், மிக அதிகச் செல் வெப்பநிலை, மோட்டார், இன்வெர்ட்டர் வெப்பநிலைகள், கேட்ட முறுக்குவிசை, கிடைத்த முறுக்குவிசை, பைக்கின் இருப்பிடம் ஆகிய இவ்வளவும் ஒரே கால அளவுகோலில் பதிவாக வேண்டும். இவற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை வாட் மணி செலவானது, எத்தனை டிகிரி உயர்ந்தது என்ற இரண்டு எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதி, வண்டிக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த பந்தயத்துக்கு எதை மாற்றுவது என்ற விவாதம் அந்தத் தாளுக்கு முன்னால் நடக்கட்டும்.

சீசனின் நடுப்பகுதி மாற்றங்களுக்குரியது. ஆனால் இரண்டு பந்தயங்களுக்கு நடுவே ஒரு மாற்றம்தான். காற்று உறையையும் ஆக்சிலரேட்டர் அட்டவணையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நேரம் குறைந்தாலும் கூடினாலும் காரணம் தெரியாது. மென்பொருள், ஸ்பிராக்கெட், காற்றுக் குழாய், வீரரின் இருக்கை நிலை, இணைப்புகளின் மின்தடை ஆகியவை இந்தக் காலத்துக்கு ஏற்றவை. பேட்டரிப் பெட்டியின் வடிவம், மோட்டாரின் வகை, இன்வெர்ட்டரின் தயாரிப்பாளர் ஆகியவற்றைத் தொட வேண்டாம். அவற்றில் ஒன்றை மாற்றினால், அதுவரை சேர்த்த தரவின் பெரும்பகுதி புதிய பைக்குக்குப் பொருந்தாமல் போய்விடும். கடைசி இரண்டு பந்தயங்களுக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தி, வீரருக்கு ஒரே மாதிரியான பைக்கைக் கொடுங்கள். பாதைக்குப் பாதை எது தடையாக நிற்கிறது என்பது மாறும்: நீண்ட நேர்ப்பாதைகள் உள்ள இடத்தில் ஆற்றல் தீரும், வளைவுகள் நெருங்கிய இடத்தில் ஆற்றல் மிஞ்சும், ஆனால் மோட்டார் சூடேறும். 2013-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் போட்டியில் லைட்னிங் மின்சார பைக்கில் கார்லின் டன் மோட்டார் சைக்கிள்கள் அனைத்தையும் முந்தி வென்றதற்கு, 4,300 மீட்டர் உயரத்தில் பெட்ரோல் என்ஜின்களுக்குக் காற்று போதாமல் போவதும் ஒரு காரணம். அதே மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச்செல்லும் என்பதும் அங்கே போகும் அணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சார்ஜ் ஏற்றுவது பந்தய வாரத்தின் கால அட்டவணையையே ஆளும். 6 கிலோவாட் மணி பேட்டரிக்கு 3.3 கிலோவாட் சார்ஜர் ஒன்று மட்டும் இருந்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் இடையில் அவ்வளவு நேரம் கிடைக்குமா என்பதை முன்னரே பாருங்கள். செல்களைச் சமன்படுத்தும், அதாவது எல்லாவற்றையும் ஒரே சார்ஜ் அளவுக்குக் கொண்டுவரும், வேலையைப் பந்தய நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டாம். வழக்கமான சமன்படுத்தும் மின்சுற்று 100 மில்லி ஆம்பியர் அளவிலேயே வேலை செய்வதால், ஒரு ஆம்பியர் மணி வித்தியாசத்தைச் சரிசெய்யப் பத்து மணி நேரம் தேவை.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. இங்கே அது 117. மூடி திறந்திருக்கும்போது இருவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மின்காப்புக் கையுறை இருக்க வேண்டும், மோதிரமும் கைக்கடிகாரமும் இருக்கக் கூடாது. சார்ஜ் ஏறும் பைக்கின் அருகில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் ஹெரெஸ் பந்தய வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மோட்டோ-ஈ போட்டிக்கான பைக்குகள் அனைத்தும் எரிந்துபோய், தொடரே ஜூலையில் சாக்ஸன்ரிங்கில்தான் தொடங்க முடிந்தது. உலகத் தொடருக்கே அந்த நிலை என்றால், ஒரே ஒரு பைக் வைத்திருக்கும் அணிக்குச் சீசன் அங்கேயே முடிந்துவிடும். கீழே விழுந்த பைக்கை, காப்புத் தடை அளவியும் செல் வெப்பநிலைகளும் சரியாக இருப்பதாகக் காட்டினாலும், உடனே கூடத்துக்குள் கொண்டுவராமல் திறந்த வெளியில் தனியே நிறுத்திக் கண்காணியுங்கள். அடிபட்ட செல் சில மணி நேரம் கழித்தும் சூடேறத் தொடங்கலாம்.

பேட்டரி முதுமையடைவதையும் சீசன் முழுவதும் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும், ஒரே வெப்பநிலையில், ஒரே சார்ஜ் அளவில், 100 ஆம்பியரைப் பத்து நொடி இழுத்து, ஒவ்வொரு வரிசையின் மின்னழுத்தமும் எவ்வளவு சரிகிறது என்று குறித்துவையுங்கள். எல்லா வரிசைகளிலும் சரிவு மெல்ல ஒன்றுபோலக் கூடினால் அது முதுமை. சீசனின் பிற்பகுதிக்கு வெப்பக் கணக்கையும் ஸ்பிராக்கெட் தேர்வையும் அதற்கேற்பத் திருத்துங்கள். ஒரே ஒரு வரிசை மட்டும் விலகினால் அது இணைப்பிலோ ஒரு செல்லிலோ உள்ள கோளாறு. அடுத்த ஓட்டத்துக்கு முன் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சீசன் முடிந்ததும் பேட்டரியை முழு சார்ஜில் வைக்காமல், பாதி அளவுக்கு இறக்கிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுக்குப் பெரிய பேட்டரி வேண்டுமா, வலிய மோட்டார் வேண்டுமா என்ற கேள்வியை அப்போது எடுங்கள். எந்தெந்தப் பாதைகளில் ஆற்றல் முதலில் தீர்ந்தது, எவற்றில் வெப்ப எல்லை முதலில் வந்தது என்று சுவரில் ஒட்டிய தாள்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு உங்கள் பைக்கே பதில் எழுதி வைத்திருக்கும்.